திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தின் உறுதிப்பாடு

அனல் மின்னிலையங்களில் எரிபொருளின் இரசாயனச் சத்தி முதலில் வெப்பமாகவும், பின்னர் இயந்திர இயக்கமாகவும், ஈற்றில் மின்னாகவும் மாறுகின்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு பங்கு வீணாகின்றது. இடைப்படிகளை நீக்கி இரசாயனச் சத்தியை நேரே மின்னாக்குங் கருவி எரிபொருட் கலமாகும். இதன் தத்துவத்தை வில்லியம் குரோவ் என்பார் 1839 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். 1937 ஆம் ஆண்டில் எமில் பௌரும் பிரைசும் திண்ம ஒட்சைட்டைக் கொண்டு, 1000° ச. அளவில் இயங்குங் கலத்தை அமைத்தனர்.

இக்கலம் மூன்று படைகளையுடையது. நடுவிலுள்ள மின்பகுபொருள், யித்திரியம் ஒட்சைட்டுக் கலந்த சிர்க்கோனியம் ஒட்சைட்டாகும். இதனூடாக வாயு செல்லாது. உயர்ந்த வெப்பநிலையில் ஒட்சிசன் அயன்கள் மட்டுஞ் செல்லும். ஒருபுறம் எரிபொருளைத் தொடும் நிக்கற் கலவைப் படையும், மறுபுறம் வளியைத் தொடும் ஒட்சைட்டுப் படையும் உள்ளன. சிர்க்கோனியம் ஒட்சைட்டு மட்பாண்ட இனத்தது. அது அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையையோ தாங்காது வெடிக்கும்.

படைகள் யாவும் வெப்பத்தால் ஒரே அளவாக விரிவதில்லை என்பதே இடர்ப்பாட்டின் மூலமாகும். 100 மி.மீ. நீளமான தகடு 1000 பாகை குளிரும்போது, சிர்க்கோனியப் படை தனித்திருப்பின் ஏறத்தாழ 1.05 மி.மீ. சுருங்கும், நிக்கற் கலவைப் படை ஏறத்தாழ 1.25 மி.மீ. சுருங்கும். வேற்றுமை 0.2 மி.மீ. மட்டுமே. எனினும் இரண்டும் பிரியாது ஒட்டியிருத்தலால், அவ்வேற்றுமை தகைப்பாக உள்ளே தங்கிவிடுகின்றது. தடித்த நிக்கற் படைமீது மெல்லிய மின்பகுபொருளை அமைத்தால், குளிரும்போது மெல்லிய படை அமுக்கத்துக்கு உள்ளாகும். அஃது ஒருவகையில் நன்மையே.

ஆயின், எரிபொருள் தடைப்பட்டு வெப்பமான நிக்கலை வளி அடையுமாயின், நிக்கல் மீண்டும் ஒட்சைட்டாகும். அப்போது அதன் கனவளவு ஏறத்தாழ 70 சதவீதம் பெருகும். வீங்கிய படை மின்பகுபொருளை இழுக்க, முன்னிருந்த அமுக்கம் இழுவையாக மாறி வெடிப்புத் தோன்றும். வெடிப்பு மயிரிழையளவினதாயினும், அதனூடாக எரிபொருளும் வளியுங் கலந்து எரியும், கலம் அழியும்.

ஒரு கலத்தின் அழிவு அதனோடு நிற்பதில்லை. தனிக்கலத்தின் மின்னழுத்தம் ஒரு வோற்றளவே ஆதலின், பல கலங்கள் தொடராக அடுக்கப்படுகின்றன. நூறு கலங்களுள் ஒவ்வொன்றும் பழுதுறாதிருக்கும் வாய்ப்பு 99 சதவீதமெனக் கொள்வோம். அடுக்கு முழுவதும் பழுதுறாதிருக்கும் வாய்ப்பு 37 சதவீதமளவே. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே என்பது இங்கும் பொருந்தும்.

பரிகாரங்கள் பலவுள. சிர்க்கோனியத்தின் விரிவுக்கு அண்மையான விரிவுடைய குரோமிய உருக்கைக் கலங்களிடையே வைத்தல், மெதுவாகச் சூடாக்கிக் குளிர்வித்தல், நிறுத்தும்போதும் நிக்கலை வளியினின்று காத்தல் என்பன அவற்றுட் சில. ஒருமுனை தடையின்றி விரியத்தக்க குழாய்வடிவக் கலங்களும் அமைக்கப்பட்டுள்ளன.

ஜெர்மனியின் யூலிக் ஆய்வுநிலையத்தில் 2007 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இருகல அடுக்கொன்று, 700° ச. அளவில் 90,000 மணித்தியாலங்களுக்கு மேல் மின்னளித்து 2019 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வெப்பநிலை நிலைத்திருப்பின் இக்கலம் நெடுங்காலம் வாழும் என்பதற்கு அது சான்றாகும். அடிக்கடி சூடாகியுங் குளிர்ந்தும் அவ்வாறே நிலைத்திருக்கச் செய்தலே பொறியியலார் முன்னுள்ள பெரும்பணியாம்.