பூனைப் படம் மங்கல்! காமிராவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

நாயிடம் "உட்கார்" என்றால் உட்காரும். காமிராவைப் பார்த்து வாலையும் ஆட்டும். பூனையிடம் சொல்லிப் பாருங்கள்! காமிராவைக் கண்டதும் முதுகைக் காட்டும். அல்லது ஓடி வந்து லென்சை முகர்ந்து பார்க்கும். பொத்தானை அழுத்துகிற நேரத்தில் அலமாரி மேல் ஏறி இருக்கும்.

ஆனாலும் பூனை வளர்க்கிறவர்களுக்கு அதைப் படம் பிடிக்காமல் இருக்க முடியாது. அதிலும் வீட்டில் குட்டி போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். செல்போன் படம் போதாது என்று தனியாகக் காமிரா வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாங்குவது சுலபம். படம் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால்தான் சங்கதி தெரியும்!

வால் மட்டும் விழுந்தது

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. மகளுக்கு அவற்றைப் படம் பிடிக்க ஆசை. அம்மா மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தில் ஆறாயிரம் ரூபாய் கொடுத்துக் காமிரா வாங்குகிறார். பெட்டியின் மேல் "48 மெகாபிக்சல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

அன்று இரவே டியூப்லைட் வெளிச்சத்தில் இருபது படம் எடுக்கிறார்கள். ஒரு படத்தில் வால் மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் குட்டி, புகை மாதிரி தெரிகிறது. மற்றொன்றில் தாய்ப் பூனையின் கண்கள் பச்சை நெருப்பாக எரிகின்றன. கறுப்புப் பூனை, சாம்பல் பூனை ஆகிவிட்டது!

மறுநாள் அம்மா கடைக்குப் போகிறார்.

"அண்ணாச்சி, இதில் படமே சரியாக விழவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

"பில்லைப் பாருங்கள் அம்மா. விற்ற சரக்கு வாபஸ் இல்லை என்று அச்சடித்து இருக்கிறதே!"

"வாங்கி ஒரு நாள்தானே ஆகிறது?"

"கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்."

சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் போகிறது. "காமிராவில் கோளாறு எதுவும் இல்லை" என்று ஒரு சீட்டு வருகிறது. மறுபடியும் கடை. மறுபடியும் அதே பதில். பஸ் செலவு ஒரு பக்கம். மனக்கசப்பு ஒரு பக்கம்.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். யார் பக்கம் நியாயம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. முதலில் ஒன்று தெரியவேண்டும். காமிராவில் குறை இருக்கிறதா? அல்லது அந்த வேலை அந்தக் காமிராவின் சக்திக்கு மீறியதா?

வெளிச்சம்தான் சாப்பாடு

காமிராவுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. நல்ல வெயிலில் ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்தால் போதும். படம் விழுந்துவிடும்.

இரவில் வீட்டுக்குள் அப்படி முடியாது. சாதாரணக் காமிரா, நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரமாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் பூனை அசைந்துவிடும். அசைந்தது கோடாக இழுத்துக்கொள்ளும். அதுதான் "புகை".

விளையாடுகிற குட்டியைத் தெளிவாகப் பிடிக்க, நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரம்தான் திறக்கலாம். அவ்வளவு சிறிய நேரத்தில் படம் விழவேண்டும் என்றால், சுமார் 16 மடங்கு வெளிச்சம் வேண்டும். அறையில் 16 டியூப்லைட்டா போடமுடியும்?

பூனைக்கு அந்தக் கவலை இல்லை. மனிதன் பார்ப்பதற்குத் தேவையான வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். காரணம், அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வரும் வெளிச்சத்தை அது திருப்பி அடிக்கிறது. காமிராவின் பிளாஷ் விளக்கு எரியும்போது பூனைக் கண் பச்சையாக மின்னுவதும் இதனால்தான். இது காமிராவின் குற்றம் அல்ல.

கறுப்பு சாம்பல் ஆனது ஏன்?

காமிரா எதைப் பார்த்தாலும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். படம் முழுவதும் கறுப்புப் பூனை நிறைந்திருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு வெளுத்துப் போகும். வெள்ளைப் பூனை என்றால் நேர்மாறு. அழுக்குத் துணி மாதிரி விழும். பல காமிராக்களில் இதைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. கறுப்புப் பூனைக்குக் குறைக்க வேண்டும். வெள்ளைப் பூனைக்குக் கூட்ட வேண்டும்.

சரி, 48 மெகாபிக்சல்? அது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. புள்ளி அதிகம் என்பதால் இருட்டில் கண் தெரிந்துவிடாது. மேலும், உள்ளே இருக்கும் கருவி குறைந்த புள்ளிகளையே பிடிக்க, அதைப் பெருக்கி எழுதுகிற மலிவுக் காமிராக்களும் உண்டு. சில மலிவுக் காமிராக்களில் லென்ஸ் நகரவே நகராது. மூன்றடி தூரத்தில் நிற்கும் ஆள் தெரிவார். கிட்டே வந்த பூனை மங்கிவிடும். பொத்தானை அழுத்திய பிறகு யோசித்துப் படம் பிடிப்பவையும் இருக்கின்றன. அதற்குள் பூனை அடுத்த வீட்டில் இருக்கும்!

1894-லேயே பிடித்தார்கள்

அப்படியானால் பூனையைப் படம் பிடிக்கவே முடியாதா? முடியும். பிரான்சு நாட்டில் எட்டியன் ஜூல் மாரே என்ற விஞ்ஞானி 1894-ம் ஆண்டிலேயே பிடித்துக் காட்டினார். பூனையைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே விட்டார்கள். அது விழுகிற நேரத்துக்குள் வரிசையாகப் பல படங்கள் எடுத்தார். அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பி, நாலு காலில் பூனை இறங்குவது படத்தில் தெரிந்தது. விஞ்ஞானிகளே ஆச்சரியப்பட்டார்கள்.

மாரேயின் கருவி, ஓட்டத்தையும் பாய்ச்சலையும் பிடிப்பதற்காகவே செய்யப்பட்டது. காமிரா வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வேலைக்கு ஏற்ற கருவி வேண்டும்.

குறை வேறு, ஏமாற்றம் வேறு

பொத்தான் வேலை செய்யவில்லை, லென்சில் கீறல், பெட்டியில் எழுதிய வசதி உள்ளே இல்லை என்றால் அது குறை. எழுதியபடியே எல்லாம் இருக்கிறது, ஆனால் நினைத்தபடி படம் வரவில்லை என்றால் அது ஏமாற்றம்.

குறைக்குச் சட்டம் துணை வரும். "பிடிக்கவில்லை" என்பதற்காக மட்டும் பொருளைத் திருப்பும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் பொதுவாகத் தரவில்லை. கடைக்காரர் தாமாக ஏழு நாள், பத்து நாள் என்று அனுமதித்தால் உண்டு.

ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்தது. வியாபாரி எந்த விதத்திலாவது "இப்படி இருக்கும்" என்று சொல்லி, பொருள் அந்தத் தரத்தில் இல்லாவிட்டால் அதுவும் குறைதான் என்கிறது இந்தச் சட்டம். பெட்டியில் அச்சடித்ததும் இதில் சேரும். விளம்பரமும் சேரும். வாயால் சொன்னதும் சேரும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும்.

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் உதவிக்கு வரலாம். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். ஆனால் நீங்களே கம்பெனிப் பெயரைச் சொல்லி "அதைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால் இந்தப் பிடி தளர்ந்துவிடும்.

ஆகவே வாங்கும்போதே, "இரவில், வீட்டுக்குள், ஓடுகிற பூனையைப் படம் எடுக்க வேண்டும். இது எடுக்குமா?" என்று கேளுங்கள். "எடுக்கும்" என்றால் பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்!

"வாபஸ் இல்லை" செல்லுமா?

குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள் பணத்தைத் தரவேண்டும். பில்லில் கெடு இல்லை என்றால் 30 நாளுக்குள் தரவேண்டும். மறுப்பது முறைகேடான வியாபாரம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் கொடுக்காமல் விற்பதும் அப்படியே.

இன்டர்நெட் கடைகளுக்கு 2020-ல் தனி விதிகள் வந்தன. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளிலேயே சோதித்துப் பாருங்கள். கடையிலேயே, விளக்கு குறைவான ஒரு மூலையில் நின்று, அசைகிற கையைப் படம் எடுங்கள். கை தெளிவாக விழாவிட்டால் பூனை விழாது.

பார்சலில் வந்தால், பிரிப்பதைச் செல்போனில் படமாக எடுத்து வையுங்கள். பெட்டி, ஸ்டிக்கர், சார்ஜர், வாரண்டி அட்டை எதையும் எறிய வேண்டாம். "பெட்டி இல்லை" என்பதே திருப்ப மறுக்க ஒரு சாக்கு ஆகிவிடும். காமிராவைத் திருப்பும்போது மெமரி கார்டை எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம். வீட்டுப் படங்கள் வேறு கைக்குப் போகக் கூடாது.

கடையில் வாயால் சண்டை போடுவதில் பயன் இல்லை. எழுத்தில் புகார் கொடுங்கள். "படம் நன்றாக இல்லை" என்று எழுதினால் போதாது. "பெட்டியில் இன்ன வசதி உண்டு என்று எழுதியிருக்கிறது, காமிராவில் அது இல்லை" என்று எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பலன் இல்லை என்றால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள்.

கடைசி வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருள் எங்கே வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் பொருளைச் சீல் வைத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சோதனை இல்லாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதனை உள்ளதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுப்பது உண்டு.

நீலக் கண் காத்திருக்காது

பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம். ஒன்றைத் திருப்பி வாங்க முடியாது.

பூனைக் குட்டி பிறந்து ஏழு முதல் பத்து நாளில் கண் திறக்கும். எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலம். ஆறு, ஏழு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கும். பெரும்பாலும் பச்சையோ மஞ்சளோ ஆகிவிடும். கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் அலைகிற ஒரு மாதம், குட்டியின் பிள்ளைப் பருவத்தில் பெரும் பகுதி!

ஆகவே வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். கையில் இருக்கும் செல்போனைச் சும்மா வைக்க வேண்டாம். காலை வேளையில் ஜன்னல் ஓரத்தில் ஒரு துணியை விரியுங்கள். தரையில் படுத்து, குட்டியின் கண்ணுக்கு நேராகப் போனைப் பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம். பால் குடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருங்கள். அப்போது அது ஓடாது. ஜன்னல் வெளிச்சம் டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். பத்தில் ஒரு படமாவது தெளிவாக விழும்.

காமிரா நல்லதாகக் கிடைக்கும்போது கிடைக்கட்டும். நீலக் கண் படம் அதற்கு முன்பே உங்கள் வீட்டில் இருக்கும்.