“நாரி உளையுது” என்றால் என்ன, டொக்டர்?

குச்சவெளி ஆஸ்பத்திரி வாங்கில் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்து பாருங்கள். எத்தனை சொற்கள்! “நாரி உளையுது.” “பிள்ளைக்கு நேற்றிலிருந்து சத்தியும் வயித்தோட்டமும்.” “கைகால் விறைக்குது ஐயா, குளிசையும் முடிஞ்சு போச்சு.” திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் வடக்கே இருக்கும் கடலோர ஊர் இது. தெற்கிலிருந்து இங்கே வரும் இளம் டொக்டர், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை முதல் நாளே தொடங்கவேண்டும். நோவு வேறு, உளைவு வேறு, குத்து வேறு, விறைப்பு வேறு. அது பிடிபட்ட நாளில்தான் அவர் ‘எங்கட டொக்டர்’ ஆகிறார்.

இதே பாடத்தை 1847இல் தொடங்கிய ஒருவர் இருக்கிறார். அவருடைய மருந்தறையின் பின்கதவை மெல்லத் திறந்து பார்ப்போமா? எனக்கு இப்போதே நெஞ்சு படபடக்கிறது!

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்துக்காரர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்க மிஷன் அனுப்ப, மாதக்கணக்கில் கப்பலில் வந்து யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது வயது ஏறக்குறைய 25. முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய். வந்து ஒரு வருடம் ஆவதற்குள் மருந்து கொடுப்பதோடு மாணவர்களைச் சேர்த்து வைத்தியமும் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். அது 1848. கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறந்தது 1870இல். மானிப்பாய் 22 வருடங்கள் முந்திவிட்டது!

ஆனால் உள்ளே நடந்த பெரிய கூத்து இனித்தான். கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்துத் தூர இடங்களுக்குப் போனார்கள். காய்ச்சலில் கிடந்த கிராமம் கிடந்தபடியே கிடந்தது. அப்போது அவருக்கு ஒன்று விளங்கியது: தமிழில் வைத்தியம் படித்தவன் தன் ஊரிலேயே வைத்தியம் பார்ப்பான். 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

வகுப்பை மாற்றலாம். புத்தகத்துக்கு எங்கே போவது? இங்கேதான் திரைச்சீலையை முழுதாக விலக்கவேண்டும். கிறீனும் அவருடைய மாணவர்களும் சொல் தேடினார்கள். ஒவ்வொரு எலும்புக்கும், ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வொரு மருந்துக்கும்! அவர்கள் ஏறிய படிகள் மூன்று. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கேயும் அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது.

அந்தப் பட்டறையில் இருந்து வந்த பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உடலின் அமைப்பைச் சொல்வது அங்காதிபாதம். தலைமுடி முதல் பாதம் வரை பாடும் நம் புலவர்களின் கேசாதிபாதம் உடனே நினைவுக்கு வரவில்லையா? உடல் இயங்கும் விதம் சுகரணம். சத்திர சிகிச்சைக்கு இரண வைத்தியம். அந்தப் பெயரில் நூல் 1867இல் வந்தது. வேதியியலுக்கு மூன்றாம் படி: ‘கெமிஸ்தம்’, 1875! உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் சுமக்கும் கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் வந்தது 1858இல். பதினான்கே வருடத்தில், 1872இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் பேசியது. இதை முதன்முதலில் வாசித்த அன்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

வந்த ஊருக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது கிறீன்தான்; ஊரைத் தன் பக்கம் இழுக்கவில்லை. மதம் பரப்பவும் வந்தவர்தான், அதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் தன் மாணவர்கள் கோட்டு சூட்டு மாட்டி வெள்ளைக்காரர் போல ஆவதை அவர் விரும்பவில்லை. வேட்டியும் தமிழுமாகவே அவர்கள் டொக்டராக இருக்கவேண்டும் என்று எழுதினார். அவர் கையில் படித்து வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே படித்தவர்கள்.

1873இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். அங்கே போயும் மேசையில் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள்தான்! 1884இல் காலமாகும் வரை திருத்திக்கொண்டே இருந்தார். வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறையில் ‘தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் இருக்கிறது.

நோயாளியின் சொல்லைக் கற்றுக்கொள்வதே மருத்துவரின் முதல் வைத்தியம் என்று அந்த மனிதர் 175 வருடங்களுக்கு முன்னமே காட்டிவிட்டார். ஆனால் அந்த வைத்தியத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கிறீனுக்கும் யாரோ ஒரு மானிப்பாய் ஆச்சிதான் முதல் சொல்லைச் சொல்லிக் கொடுத்திருப்பாள். அடுத்த கிளினிக் நாளில் புதிய டொக்டர் “உளைவு” என்ற சொல்லில் தடுக்கி நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். இடுப்பைத் தொட்டுக் காட்டி, இன்னொரு முறை ஆறுதலாகச் சொல்லிக் கொடுங்கள்.