உங்களுக்குத் தெரியுமா? சுவர் ஏ.சி.க்கும் மூச்சு முட்டும்!

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்தாலும் கன்னிவாடியில் சித்திரை வெயில் சமவெளி வெயில்தான். ஜன்னல் ஏ.சி.யைச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் இருக்கும் துளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. வெளிக்காற்று அவற்றின் வழியாக உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறுகிறது. பழைய வீட்டின் தடித்த சுவர் அந்தத் துளைகளை மறைத்துவிட்டால் கம்ப்ரசர் கொதித்து, அடிக்கடி நின்றுவிடும். எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் இந்தக் கோளாறு தீராது. பெட்டியை வெளிப்பக்கம் நகர்த்துவதுதான் வழி.

ஏ.சி.க்குள் தண்ணீர் சளசளப்பதும் பல மாடல்களில் பழுதல்ல. வெளிப்பக்க ஃபேனின் விளிம்பு வளையம், தட்டில் தேங்கும் நீரை அள்ளிச் சூடான காயில் மேல் வீசுகிறது. நீர் ஆவியாகும்போது காயில் குளிர்கிறது. நல்ல ஏற்பாடு! ஆனால் தட்டில் பாசி அடைத்தாலோ, பெட்டி உள்பக்கம் சாய்ந்திருந்தாலோ தண்ணீர் அறைக்குள் சொட்டும்.

ஏ.சி.யைக் குளிர்விக்கும் கேஸ், சமையல் சிலிண்டரைப் போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வருடாவருடம் கேஸ் ஏற்றுவது வீண்செலவு. கசிவது ஆர்-22 வகை கேஸ் என்றால் ஓசோன் படலத்துக்கும் கேடு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஏ.சி.க்குள் இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஃபில்டரை நீங்களே கழுவலாம். ஆனால் மூடியைக் கழற்றுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.