எட்டாவது சுரத்தின் இழுபறி

காயல் சூழ்ந்த கும்பளங்கித் தீவுக்கு அக்கரையில், கொச்சியின் பள்ளுருத்தியில் வாழ்ந்தவர் மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் (1936-2020). சிறுவயதில் பழனி ஆசிரமம் ஒன்றில் ஆர்மோனியம் கற்றவர். 1981இல் 'அடிமச்சங்ஙல' படத்துக்கு ஒரு சிறுவனைக் கீபோர்டு வாசிக்க வைத்தார். அந்தச் சிறுவன்தான் ஏ.ஆர். ரஹ்மான்.

ஆர்மோனியம் இருந்த இடத்துக்குக் கீபோர்டு வந்தது. கூடவே ஒரு சுருதிச் சிக்கலும் வந்தது.

மேல் ஸட்ஜமம் கீழ் ஸட்ஜமத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் அதிர வேண்டும் என்பது கணக்கு. வில் போடும் வயலினும், ஊதும் புல்லாங்குழலும், காற்றில் ஒலிக்கும் ஆர்மோனியமும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரும். பியானோ வராது. அதன் எஃகுக் கம்பி விறைப்பானது. அதில் எழும் கிளை ஒலிகள் இரு மடங்கை லேசாகத் தாண்டிவிடும். காதுக்கு இனிக்க வேண்டுமானால் ஸ்தாயியையே சற்று நீட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். 1938இல் ஓ.எல். ரெய்ல்ஸ்பேக் இதை அளந்து காட்டினார். பியானோவின் உச்சியில் இந்த விலகல் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை போகும்.

பல சிந்தசைசர்களின் பியானோ ஒலியில் இந்த நீட்சியும் சேர்ந்தே வருகிறது. தனியாக வாசித்தால் சுகம். பக்கத்தில் புல்லாங்குழல் இருந்தால்தான் வம்பு. குழல் 1760 அதிர்வில் நிற்க, கீபோர்டு 1770ஐத் தொட்டால், வினாடிக்குப் பத்து முறை ஒலி நடுங்கும். பழி விழுவதென்னவோ குழல்காரர் தலையில். இயந்திரம் தப்பு செய்யாது என்பது நம் நம்பிக்கை!

நிலைத்த சுருதி, கமகத்துக்கு வளையாது என்ற புகார்களால் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தின் சுருதியை மேடையில் மாற்ற வழியில்லை. சிந்தசைசருக்கு அந்தச் சாக்கு இல்லை. நீட்சியைக் கூட்ட, குறைக்க, நிறுத்தப் பல கருவிகளில் வசதி உண்டு. நிஜப் பியானோ உடனிருந்தால் நீட்சி வேண்டும். குழலோ வயலினோ என்றால் வேண்டாம்.

ஆகவே, சுருதி விலகுகிறது என்று வயலின்காரரை முறைப்பதற்கு முன், கீபோர்டின் பொத்தானை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.