புதுக் கார் பேரம்: விலை குறைவது எந்த வரியில்?

புதுதில்லி: புதிய கார் வாங்க ஷோரூமுக்குள் நுழைபவரிடம் தேநீருக்கு அடுத்தபடியாக நீட்டப்படுவது ஒரு தாள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டேக், கூடுதல் உத்தரவாதம், துணைப் பொருள்கள், "ஹேண்ட்லிங்" கட்டணம் என்று அதில் எட்டு, ஒன்பது வரிகள் இருக்கும். அடியில் "ஆன்-ரோடு" விலை என்று ஒரு கூட்டுத்தொகை. வாங்க வந்தவர் முதல் வரியில் விரலை வைத்து, "இதில் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்கிறார். "மேலாளரிடம் கேட்டு வருகிறேன்" என்று விற்பனைப் பிரதிநிதி உள்ளே போகிறார்.

தில்லி மோதி நகரிலும் மதுரா சாலையிலும் அன்றாடம் நடைபெறும் இந்தப் பேரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டீலரால் மிகக் குறைவாகவே கைவைக்க முடிகிற வரி அந்த முதல் வரிதான். அவர் விட்டுக்கொடுக்கக் கூடியவை பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கின்றன. அவற்றைப் பற்றி வாங்குவோரில் பலர் கேட்பதே இல்லை.

காருக்குப் பேரம் பேசுவது என்பதே இந்தியாவில் அண்மைக்கால வழக்கம். அம்பாஸிடரும் பிரீமியர் பத்மினியும் மட்டுமே சாலைகளை ஆண்ட காலத்தில், பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. முறை வந்து காரைப் பெற்றவர், அதைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றி லாபம் பார்த்தார். 1983 டிசம்பர் 14-ம் தேதி முதலாவது மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் இதே நிலைதான். தாராளமயமாக்கலுக்குப் பின் நிறுவனங்கள் பெருகி, கார்கள் வாடிக்கையாளரைத் தேடத் தொடங்கிய பிறகே "தள்ளுபடி" என்ற சொல் ஷோரூம்களுக்குள் நுழைந்தது.

மாறுவேட வாடிக்கையாளர்

ஒரு காரை விற்றால் டீலருக்குக் கிடைக்கும் கழிவு பொதுவாக விலையில் 3 முதல் 5 சதவீதம் என்று டீலர்கள் தரப்பில் கூறப்படுகிறது. 8 லட்சம் ரூபாய் காருக்கு இது 24 ஆயிரம் முதல் 40 ஆயிரம் ரூபாய் வரை. ஷோரூம் வாடகை, ஊழியர் சம்பளம், இருப்பில் நிற்கும் கார்களுக்கான வங்கி வட்டி ஆகிய அனைத்தும் இதிலிருந்தே போக வேண்டும். எனவே, ஒரு டீலர் 60 ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்தால், அதில் பெரும்பகுதி உற்பத்தி நிறுவனம் அந்த மாதத்துக்கு அறிவித்த திட்டத்தின் பணம். நகரின் எல்லா டீலர்களிடமும் அது கிடைக்கும். அதைப் பெற்றதைப் பேரத்தில் கிடைத்த வெற்றியாக எண்ண வேண்டியதில்லை.

கேள்வி, டீலர் தன் கழிவிலிருந்து கூடுதலாக விட்டுக்கொடுக்க முன்வந்தால் என்ன ஆகும் என்பது. இதற்கான விடை இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்ட் 23-ம் தேதி பிறப்பித்த உத்தரவில் விரிவாகக் கிடைக்கிறது. மாருதி சுஸுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு அது.

டீலர் ஒருவர் பெயர் குறிப்பிடாமல் அனுப்பிய மின்னஞ்சலில் தொடங்கிய அந்த விசாரணையில் வெளிவந்த செய்திகள் கதைகளில் வருவதைப் போன்றவை. நிறுவனம் அனுமதித்த அளவுக்கு மேல் தள்ளுபடியோ இலவசப் பொருளோ தரக் கூடாது என்பது "தள்ளுபடிக் கட்டுப்பாட்டுக் கொள்கை". அது மீறப்படுகிறதா என்று அறிய, வாடிக்கையாளர் வேடத்தில் ஆள்கள் ஷோரூம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பேரம் பேசினர். நடந்தவற்றைப் பதிவு செய்தனர். கூடுதல் தள்ளுபடி தரப்பட்டது தெரியவந்தால், பதிவு செய்யப்பட்ட ஆதாரத்துடன் டீலரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. விளக்கம் ஏற்கப்படாவிட்டால் டீலருக்கு மட்டுமின்றி, விற்பனைப் பிரதிநிதி, குழுத் தலைவர், ஷோரூம் மேலாளர் ஆகியோருக்கும் அபராதம் விதிக்கப்பட்டதாக ஆணையம் கண்டறிந்தது.

"மேலாளரிடம் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போகும் இளைஞர் சில நேரங்களில் உண்மையிலேயே அஞ்சியிருக்கக் கூடும்!

ஓர் உற்பத்தியாளர் தன் பொருளை இதற்கு மேல் விற்கக் கூடாது என்று சொல்லலாம். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று டீலரைக் கட்டுப்படுத்துவதும், அதனால் சந்தைப் போட்டி பாதிக்கப்படுவதும் 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவுக்குள் வருகின்றன. ஒரே ஊரின் டீலர்களுக்கிடையே போட்டி இல்லையென்றால், நான்கு ஷோரூம்களில் ஏறி இறங்கினாலும் பயனில்லை.

இந்த உத்தரவை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அபராதத்தில் 10 சதவீதத்தைச் செலுத்தும் நிபந்தனையுடன் 2021 நவம்பரில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இதற்கு முன்னர், இதே போன்ற புகாரில் ஹூண்டாய் நிறுவனத்துக்கு 2017-ல் ஆணையம் விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை 2018 செப்டம்பரில் தீர்ப்பாயம் ரத்து செய்தது. ஆணையம் தனது விசாரணைப் பிரிவின் அறிக்கையை மட்டுமே நம்பியதாக அப்போது தீர்ப்பாயம் கருத்துத் தெரிவித்தது.

நிறுவனங்களின் முன் டீலர்கள் பலவீனமாக இருப்பதை நாடாளுமன்றமும் கவனிக்காமல் இல்லை. அவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் தேவை என்று தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2020 டிசம்பரில் பரிந்துரைத்தது. டீலரின் கை கட்டப்பட்டிருந்தால் வாங்குபவரின் பையும் சேர்ந்தே இளைக்கும் என்ற கோணத்தில் இந்தப் பரிந்துரை அதிகம் விவாதிக்கப்படவில்லை.

காப்பீட்டில் ஒளிந்திருக்கும் பணம்

முதல் வரியில் இழந்ததை டீலர் ஈடுகட்டும் இடங்களில் முதன்மையானது காப்பீடு. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. இதன் பிரிமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட தொகை 10,640 ரூபாய். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இந்தப் பகுதியில் வேறுபாடு இருக்காது.

வேறுபாடு இருப்பது காரின் சொந்தச் சேதத்துக்கான பிரிமியத்தில். டீலர்கள் வழியாக விற்கப்படும் காப்பீட்டுக்கென 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், கார்களைப் பொருத்தவரை இந்தப் பகுதியில் 19.5 சதவீதத்தை டீலருக்கான கட்டணத்தின் உச்சவரம்பாக வைத்தன. உச்சவரம்பே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்றால், இந்த வரியில் பேரத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை ஊகித்துக் கொள்ளலாம். குறிப்பிட்ட நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்று வாங்குபவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே விதிகளின் நோக்கம்.

வெளியில் ஒரு மதிப்பீடு வாங்கி வந்து மேசைமீது வைத்தால் ஷோரூமின் தொகை இறங்குவது வழக்கம். ஒப்பிடும்போது இரண்டிலும் காருக்கான காப்பீட்டு மதிப்பு ஒன்றுதானா, தேய்மானம் கழிக்காத "ஜீரோ டிப்ரிசியேஷன்" பாதுகாப்பு இரண்டிலும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரிமியத்தைக் குறைப்பது பழைய உத்தி. விபத்து நேரும்போதுதான் அது தெரியவரும். நிறுவனத்தின் பணிமனையில் பணமின்றிப் பழுதுபார்க்கும் வசதி, வெளியில் எடுக்கும் பாலிசிக்கும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய காரை விற்பவர்கள் பலரும் மறந்துவிடுவது "நோ கிளெய்ம் போனஸ்". இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக 50 சதவீதம் வரை சேரும் இந்தச் சலுகை காரைச் சேர்ந்தது அல்ல, உரிமையாளரைச் சேர்ந்தது. பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று பெற்றுப் புதிய காரின் சொந்தச் சேதப் பிரிமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ஷோரூமில் இதை யாரும் தாமாக நினைவூட்டுவதில்லை.

அடுத்து "ஹேண்ட்லிங்" அல்லது "லாஜிஸ்டிக்ஸ்" கட்டணம். கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் காரைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடங்கியதே என்று சில மாநிலப் போக்குவரத்துத் துறைகள் எச்சரித்துள்ளன. எதற்காக இந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேட்டால் பல இடங்களில் அந்த வரி மறைந்துவிடுகிறது. விரிப்பு, இருக்கை உறை முதலிய துணைப் பொருள்களைப் பொருத்தவரை, தில்லிவாசிகள் காஷ்மீரி கேட்டிலும் கரோல் பாகிலும் விலை விசாரித்த பின்னரே ஷோரூம் பட்டியலைப் பார்ப்பது வழக்கம்.

கடன் வாங்குவோர் மாதத் தவணையை வைத்துப் பேரம் பேசுவது ஆபத்தானது. தவணைக் காலத்தை 5 ஆண்டிலிருந்து 7 ஆண்டாக நீட்டினால் தவணை தானாகக் குறையும். காரின் விலை ஒரு ரூபாய்கூடக் குறைந்திராது. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

தில்லிக்கே உரிய சிக்கல்

பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் வாங்குவது தில்லியில் தனிச் சிக்கல். 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015-ம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 9 ஆண்டு ஓடிய டீசல் காருடன் வருபவர் அவசரத்தில் இருக்கிறார் என்பது டீலருக்கு நன்றாகவே தெரியும். விலையும் அதற்கேற்பவே சொல்லப்பட்டது.

2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்திலான வாகனங்களுக்கே என்று டிசம்பரில் அது திருத்தப்பட்டது. ஆக, காரின் பதிவுச் சான்றில் உள்ள மாசுத் தரமும் பேரத்தின் ஓர் அங்கமாகிவிட்டது.

பழைய காருக்கு 30 ஆயிரம் ரூபாய் "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று அறிவித்துவிட்டு, காரின் மதிப்பை 50 ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்வதும் உண்டு. புதிய காரின் விலையை முதலில் முடித்துக்கொண்டு, பழைய காரின் பேச்சைப் பிறகு எடுப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

பித்ரு பட்சமும் ஜி.எஸ்.டி.யும்

தமிழ்நாட்டுக்கு ஆடி மாதம் எப்படியோ, வட இந்தியாவுக்குப் பித்ரு பட்சம் அப்படி. நவராத்திரிக்கு முந்தைய அந்தப் பதினைந்து நாள்களில் புதுப் பொருள் வாங்க மாட்டார்கள். ஷோரூம்கள் வெறிச்சோடும். சகுனம் பார்க்காதவருக்கு மலிவாகக் கிடைக்கும் காலம் அது. மாத இறுதி, விற்பனை இலக்கு முடியும் காலாண்டு இறுதி, டிசம்பர் ஆகியவையும் அப்படியே. ஜனவரி பிறந்தவுடன் கார் ஏட்டளவில் ஓராண்டு பழையதாகிவிடுகிறது அல்லவா?

2025-ல் இந்தக் கணக்கு வேறு விதமாக அமைந்தது. செப்டம்பர் 3-ம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் சிறிய கார்களுக்கான வரியைக் குறைத்தது. சிறிய பெட்ரோல் கார்களுக்குக் கூடுதல் தீர்வையுடன் 29 சதவீதமாக இருந்தது 18 சதவீதமானது. பெரிய கார்களுக்குக் கூடுதல் தீர்வை நீங்கி 40 சதவீதமானது. புதிய வரி நவராத்திரியின் முதல் நாளான செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்ததால், பித்ரு பட்சம் முழுவதும் சகுனம் பார்க்காதவர்களும் காத்திருந்தனர்.

தில்லியில் இதன் பலன் ஒரு வரியோடு நிற்கவில்லை. 10 லட்சத்து 70 ஆயிரம் ரூபாயாக இருந்த ஒரு சிறிய பெட்ரோல் காரின் விலை, வரிக் குறைப்பு முழுமையாகக் கைமாறினால் சுமார் 9 லட்சத்து 79 ஆயிரமாகும். அப்போதைய தில்லி அட்டவணைப்படி, 10 லட்சத்தைத் தாண்டிய பெட்ரோல் காருக்குச் சாலை வரி 10 சதவீதம். 6 முதல் 10 லட்சம் வரை 7 சதவீதம். ஆகவே சாலை வரியிலும் சுமார் 38 ஆயிரம் ரூபாய் மிச்சம். 10 லட்சத்தைத் தாண்டிய கார்களுக்கு விற்பனையின்போது வசூலிக்கப்படும் 1 சதவீத வருமான வரியும் இல்லை. (அதைச் செலுத்தியவர்கள் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.)

பேரம் முடிந்த பின் தள்ளுபடி முழுவதும் விலைப் பட்டியலிலேயே குறிக்கப்பட வேண்டும். "பிறகு தருகிறோம்" என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. பணத்தை டீலரின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்த வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண் உள்ளது.

கடைசியாக ஒரு சொல். பட்டியலில் எழுதப்படும் சேஸிஸ் எண், காட்டப்பட்ட காரின் எண்தானா என்பதையும், அது எந்த மாதம் தயாரானது என்பதையும் முழுத்தொகையைச் செலுத்தும் முன்பே பார்த்துவிட வேண்டும். தாராளமான தள்ளுபடி கிடைக்கும் கார், சில நேரங்களில் எட்டு மாதங்களாக வெயிலில் நின்ற காராக இருப்பதுண்டு.