ஆயுதமும் உதவியும்: பெர்காவ் அணை தரும் பாடம்

ஓர் அரசாங்கம் தன் நாட்டைக் காக்கவும் செலவிட வேண்டும்; இல்லாதவர்க்குக் கொடுக்கவும் வேண்டும். வள்ளுவர் இரண்டையும் பேசியிருக்கிறார். 'ஈகை' அறத்துப்பாலில் 23ஆம் அதிகாரம். 'படைமாட்சி' பொருட்பாலில் 77ஆம் அதிகாரம். இரண்டும் தனித்தனி இடத்தில் நிற்கின்றன. ஆனால், இன்றைய அரசாங்கங்களின் வரவு செலவுக் கணக்கில் இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. சில வேளைகளில் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளவும் செய்கின்றன. அப்படி ஒளிந்துகொண்ட கதை ஒன்று நம் நாட்டில், கிளந்தான் மாநிலத்திலேயே நடந்துள்ளது. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. பொருளாதாரம் படிக்கத் தொடங்கிய பிறகே அதைப் பற்றி அறிந்தேன். நண்பர்களிடம் கேட்டபோது அவர்களில் பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவேதான் இக்கட்டுரை.

எண்கள் சொல்வது என்ன?

சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் இயங்கும் சிப்ரி எனும் அமைதி ஆய்வுக் கழகம் ஆண்டுதோறும் உலக நாடுகளின் இராணுவச் செலவைக் கணக்கிடுகிறது. அதன்படி 2024இல் உலகம் முழுவதும் இராணுவத்திற்குச் செலவான தொகை ஏறக்குறைய 2,718 பில்லியன் அமெரிக்க டாலர். அதே ஆண்டு பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு அளித்த அதிகாரப்பூர்வ மேம்பாட்டு உதவி, ஓஇசிடி அமைப்பின் முதற்கட்டக் கணக்கின்படி, 212 பில்லியன் டாலர். அதாவது, உதவிக்கு ஒரு டாலர் என்றால் இராணுவத்திற்கு ஏறக்குறைய 13 டாலர்.

ஆனால், இந்த ஒப்பீட்டில் ஒரு குறை இருக்கிறது. முதல் தொகையில் இந்தியா, சீனா, மலேசியா உட்பட எல்லா நாடுகளும் அடங்கும். இரண்டாவது தொகையில் உதவி வழங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் மட்டுமே அடங்கும். எனவே, ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே பார்ப்பதே முறை. 2024இல் அமெரிக்கா இராணுவத்திற்கு 997 பில்லியனும் உதவிக்கு 63 பில்லியனும் செலவிட்டது, ஒன்றுக்குப் பதினாறு. பிரிட்டன் 82 பில்லியனும் 18 பில்லியனும் செலவிட்டது, ஒன்றுக்கு நாலரை. ஜப்பானில் ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் கூடுதல். ஆக, 'உலகம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நாடுகளுக்கிடையே உள்ள இந்த வேறுபாடு மறைந்து போகிறது.

உதவிக்கு ஓர் அளவுகோலும் உண்டு. ஒவ்வொரு பணக்கார நாடும் தன் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐக்கிய நாட்டுப் பொதுப் பேரவை 1970ஆம் ஆண்டில் தீர்மானித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், 2024இல் அந்த அளவை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கு நாடுகளே. எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 0.33 விழுக்காடுதான்.

எது உதவி? எது இராணுவம்?

கணக்கில் எதை எதில் சேர்க்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயுதம் கொடுப்பது மேம்பாட்டு உதவியாகக் கருதப்படாது. ஆனால், அகதியாக வந்தவர்களைத் தன் நாட்டிலேயே முதல் ஓராண்டு தங்க வைக்கும் செலவை ஒரு பணக்கார நாடு உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். 2024இல் இப்படி எழுதப்பட்டது ஏறக்குறைய 28 பில்லியன் டாலர். அந்தப் பணம் நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. மறுபக்கம், இராணுவச் செலவு என்றதும் நாம் ஏவுகணைகளை மட்டும் நினைக்கிறோம். சிப்ரி கணக்கில் வீரர்களின் சம்பளமும் ஓய்வூதியமும்கூட அடங்கும்.

ஆகவே, உதவி எனும் தலைப்பின்கீழ் எழுதப்பட்ட ஒவ்வொரு வெள்ளியும் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நம்பிவிட முடியாது. இதற்குப் பெர்காவை விடத் தெளிவான சான்று இல்லை என்றால் மிகையாகாது.

பெர்காவில் நடந்தது

1988ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டார். மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்கும். அந்த ஆயுத மதிப்பில் 20 விழுக்காட்டிற்கு ஈடான தொகையைப் பிரிட்டன் உதவியாகத் தரும் என்பதே அதன் சாரம். ஆயுத விற்பனையோடு உதவியை முடிச்சுப் போடக்கூடாது என்பது பிரிட்டனின் சொந்தக் கொள்கை. எனவே, அந்தத் தொடர்பு பின்னர் எழுத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால், உதவி வாக்குறுதி மட்டும் நீடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர்கள் மார்கரெட் தாட்சரும் மகாதீரும் தற்காப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர்.

உதவிப் பணத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டமே பெர்காவ் நீர்மின் அணை. பிரிட்டிஷ் குத்தகை நிறுவனங்கள் முதலில் சொன்ன விலை 316 மில்லியன் பவுண்டு. உதவி தருவதாகத் தாட்சர் வாக்களித்த சில வாரங்களிலேயே அது 397 மில்லியனாக உயர்ந்தது. பிரிட்டிஷ் உதவித் துறையின் பொருளியலாளர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். எரிவாயு நிலையம் கட்டினால் அதைவிட மலிவாக மின்சாரம் கிடைக்கும் என்பதும், இந்த அணையால் மலேசியப் பயனீட்டாளர்களுக்குச் சுமார் 100 மில்லியன் பவுண்டு கூடுதல் சுமை ஏற்படும் என்பதும் தெரிய வந்தன. துறையின் நிரந்தரச் செயலாளர் டிம் லங்கெஸ்டர் இத்திட்டத்தை எதிர்த்தார். எழுத்துபூர்வமான கட்டளை இல்லாமல் பணம் தர முடியாது என்றார். 1991இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அந்தக் கட்டளையைப் பிறப்பித்தார். உதவி நிதியிலிருந்து ஒதுக்கப்பட்ட தொகை 234 மில்லியன் பவுண்டு.

இங்கே யாருக்கு என்ன கிடைத்தது? பிரிட்டிஷ் ஆயுத நிறுவனங்களுக்கு வியாபாரம் கிடைத்தது. மலேசியா வாங்கியவற்றில் 28 ஹாக் ரக விமானங்களும் அடங்கும். பிரிட்டிஷ் கட்டுமான நிறுவனங்களுக்குக் குத்தகை கிடைத்தது. நமக்கு 600 மெகாவாட் நிலையம் கிடைத்தது. அது இன்றும் இயங்குகிறது. ஆனால், உலகின் மிக ஏழ்மையான மக்களுக்குப் போயிருக்க வேண்டிய நிதியில் ஒரு பெரும் பகுதி, வளர்ந்துகொண்டிருந்த ஒரு நாட்டிற்கு, விலை அதிகமான ஒரு திட்டத்திற்காக வந்தது. புள்ளிவிவரப் பட்டியலிலோ இந்த 234 மில்லியன் 'உதவி' எனும் பத்தியில்தான் இடம்பெறும்.

தீர்ப்பும் அதன் விளைவும்

1994ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இவ்விவகாரத்தைப் பெரிதாக வெளியிட்டன. சினமுற்ற மலேசிய அரசாங்கம், பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை அரசாங்கக் குத்தகைகளிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனங்களை ஒதுக்கி வைத்தது. உலக மேம்பாட்டு இயக்கம் எனும் தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுத்தது. மேம்பாட்டு நோக்கில் இது ஏற்கத்தக்க திட்டமன்று. எனவே, உதவிச் சட்டத்தின்கீழ் இப்பணத்தை வழங்கியது சட்டவிரோதம் என்று 1994 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் விளைவு நீண்ட காலம் நீடித்தது. 2001இல் பிரிட்டன், 'எங்கள் நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும்' என்ற நிபந்தனையை உதவியிலிருந்து நீக்கியது. 2002இல் வந்த புதிய சட்டம், வறுமை ஒழிப்பே உதவியின் நோக்கமாக இருக்க வேண்டும் என்றது. 2013இல் அந்நாடு 0.7 விழுக்காட்டை எட்டியது. 2015இல் அதைச் சட்டமாகவும் ஆக்கியது.

மீண்டும் அதே தராசு

2021இல் பிரிட்டன் அதனை 0.5 விழுக்காடாகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில் பிரதமர் கியர் ஸ்டார்மர், 2027க்குள் அது 0.3 விழுக்காடாகும் என்றும், மிச்சமாகும் பணத்தைக் கொண்டு இராணுவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்தப்படும் என்றும் அறிவித்தார். மேம்பாட்டு அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு தன் பணியை நிறுத்திக்கொண்டது. ஜூன் மாதம் நேட்டோ நாடுகள், 2035க்குள் தற்காப்பும் அது சார்ந்த செலவுகளும் 5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என முடிவெடுத்தன.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபின் ஐரோப்பிய நாடுகளின் அச்சம் கற்பனையன்று. போர் வந்தால் பள்ளியும் மருத்துவமனையும் முதலில் அழியும் என்ற வாதத்தையும் நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. குறைந்த அளவிலான உதவியிலிருந்து எடுத்து மிகப் பெரிய செலவில் சேர்க்கும்போது, பெறுகின்ற பக்கம் அதை அதிகம் உணராது. இழக்கின்ற பக்கமோ ஆட்டம் கண்டுவிடும். பிரிட்டனின் இந்த மாற்றத்தில் இராணுவச் செலவு பத்தில் ஒரு பங்குகூட உயரவில்லை. உதவியோ ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்து மருந்தகத்திற்கு அந்த இரண்டு பங்குதான் எல்லாமே.

1988க்கும் 2025க்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று உதவி, ஆயுத வியாபாரத்திற்கு மறைவாகப் பயன்பட்டது. இன்று உதவியைக் குறைத்து ஆயுதத்திற்குத் தருவதாக நாடாளுமன்றத்திலேயே சொல்கிறார்கள். வெளிப்படையாகச் சொன்னதால் அது நியாயமாகிவிடாது. எனினும், எதிர்த்துப் பேசுவதற்கேனும் வழி இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இது அயலார் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பெர்காவில் நாம் உதவி பெற்ற நாடு. 1980 முதல் மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின்வழி மற்ற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்து, உதவி தரும் நாடாகவும் இருக்கிறோம். ஆயுதம் வாங்கும் நாடாகவும் இருக்கிறோம். பதினெட்டு வயதிலேயே வாக்குரிமை பெற்ற தலைமுறை நாம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும்போது நமக்கு என்ன சலுகை என்பதை மட்டும் தேடாமல், மூன்று கேள்விகளையும் கேட்போம். இந்தப் பணம் எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருக்கிறது? உண்மையில் அது யார் கைக்குப் போகிறது? இதற்காக எது குறைக்கப்பட்டது? லங்கெஸ்டர் என்ற ஓர் அதிகாரி இத்தகைய கேள்விகளை எழுத்தில் கேட்டு வைத்ததால்தான் பெர்காவின் உண்மை பின்னாளில் நீதிமன்றம் வரை வந்தது. படித்த இளைஞர்களாகிய நாமும் கேட்கப் பழகுவோம்.