புகைமூட்ட எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தொலைக்காட்சி அரங்குகளில் புகைமூட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே நேயர்கள் கேட்பது ஓர் எண்ணைத்தான். 2019 செப்டம்பரில் அந்த எண் ஏறியதால்தான் பினாங்கில் பல பள்ளிகள் மூடப்பட்டன. எண்ணைத் தருவது எந்தக் கருவி, அது எதை அளக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

பழைய கருவி எளிமையானது. ஒரு நாள் முழுவதும் ஏறத்தாழ 1,600 கனமீட்டர் காற்றை இழுத்து வடிதாள் வழியே விடும். தாளை முன்னும் பின்னும் நிறுத்தால் தூசியின் எடை தெரியும். அதே தாளிலிருந்து ஈயம், சல்பேட் போன்றவற்றையும் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் முடிவு கைக்கு வருவதற்குள் புகையே கலைந்துவிடலாம்.

தானியங்கிக் கருவிகள் மணிக்கு மணி கணக்குச் சொல்கின்றன. ஒரு வகையில், நாடாவின்மேல் படியும் தூசி பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறார்கள். இன்னொரு வகையில், அதிரும் மெல்லிய குழாயின் நுனியில் வடிதாள் இருக்கும். தூசி ஏற ஏற அதிர்வு குறையும். ஈரத்தைப் போக்கக் காற்றைச் சூடாக்கும்போது புகையிலுள்ள சில இரசாயனங்களும் ஆவியாகி, எண் குறைந்துவிடுவதுண்டு. பிந்திய கருவிகள் சில இந்த இழப்பைத் தனியே அளந்து ஈடுகட்டுகின்றன.

கருவியைவிட முக்கியமானது அதன் வாய். எந்த அளவுத் துகள் உள்ளே போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. காட்டுத்தீப் புகையில் பெரும்பகுதி 2.5 மைக்ரோனுக்கும் சிறியது. நுரையீரலின் ஆழம்வரை செல்வதும் அதுதான். சிங்கப்பூர் 2014 ஏப்ரலில் இந்த நுண்துகளைத் தன் குறியீட்டில் சேர்த்தது. மலேசியா சேர்த்தது 2018 ஆகஸ்டில். ஆக, 2015 புகைமூட்டத்தின்போது ஒரே சுமத்திராப் புகைக்கு இரு நாடுகளிலும் இரு அளவுகோல்கள்! அந்த எண்ணை நம்பிப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பிய பெற்றோரை எப்படிக் குறை சொல்வது?

தூசிக் கருவிக்கு வாயு தெரியாது. கந்தக டைஆக்சைடுக்கும் ஓசோனுக்கும் தனிக் கருவிகள் உண்டு. பென்சீன் போன்ற ஆவிகளை எஃகுக் குடுவையில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

பினாங்கில் மிண்டன், பாலிக் புலாவ், செபராங் ஜெயா, செபராங் பிறை ஆகிய இடங்களில் நிலையங்கள் இயங்குகின்றன. நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. மாலையில் திரண்ட புகை அதில் முழுமையாகத் தெரிய நேரமாகும். ஆஸ்துமா நோயாளி இருக்கும் வீட்டில் எண்ணோடு வானத்தையும் பார்ப்பது நல்லது.

வீட்டில் வைக்கும் மலிவான லேசர் கருவி, ஈரத்தில் ஊதிய துகளைப் பெரிதாகக் கணக்கிட்டுவிடும். புகை கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அது போதும். பள்ளியை மூடுவதா என்று முடிவு செய்யப் போதாது.